கத்தி தீட்டும் முறையும் கை தீட்டும் முறையும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கி வந்த தக்காளிப்பழத்தின் தோலில் கத்தி வழுக்குமானால், அந்தக் கத்தி மழுங்கிச் சில மாதங்களாவது ஆகியிருக்கும் என்றே கொள்ள வேண்டும். வழுக்கும் கத்தியை நாம் அழுத்தத் தொடங்குகிறோம். அழுத்திய கத்தி திசைமாறிப் பாயும்போது விரலில்தான் போய் நிற்கிறது. சமையலறையில் ஏற்படும் வெட்டுக்காயங்களில் பலவற்றுக்கு மழுங்கல் கத்தியே காரணம் என்பதைச் சமைப்பவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். வெங்காயம் அரியும்போது கண் எரிவதும் இதனோடு தொடர்புடையதே. கூரான கத்தி வெங்காயத்தின் கலங்களை அறுத்துச் செல்கிறது. மழுங்கிய கத்தி அவற்றை நசுக்குவதால் கண்ணை எரிக்கும் வாயு கூடுதலாக வெளியேறுகிறது.

எங்கள் வீடுகளில் கத்தியைப் பிடிப்பவர் ஒருவராகவும் தீட்டித் தருபவர் வேறொருவராகவும் இருப்பது நெடுங்கால வழக்கம். அம்மாவோ அக்காவோ மழுங்கல் கத்தியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார். தீட்டித் தருவதாகச் சொன்னவருக்கு நேரம் கிடைக்காது. வெட்டுபவரே தீட்டவும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு உடல்வலு தேவையில்லை. ஒரு கல்லும் சிறிது தண்ணீரும் அரைமணி நேரப் பொறுமையும் போதும்.

கல்லைத் தெரிதல்

கத்தியின் இரு முகங்களும் சந்திக்கும் கோடுதான் அதன் கூர். நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. பயன்பாட்டில் அதற்கு இரண்டு விதமான கேடு நேர்கிறது. முதலில் அந்த மெல்லிய விளிம்பு ஒரு பக்கமாக மடிகிறது. பின்னர் அது தேய்ந்து உருண்டையாகிறது. மடிந்த விளிம்பை நிமிர்த்தினாலே கத்தி மீண்டும் வெட்டும். தேய்ந்த விளிம்புக்கு மட்டும் இரும்பைச் சிறிதளவு அகற்றிப் புதிய கூர் உண்டாக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒவ்வொரு முறையும் சாணைச் சில்லில் கொடுத்துத் தேய்ப்பதால்தான் பல நல்ல கத்திகள் வயதாகும் முன்னரே ஒடுங்கிப் போகின்றன.

கிணற்றடிப் படியிலும் துவைகல்லிலும் கத்தியை உரசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அதில் மிகுந்திருக்கும் கல்சைற்று என்ற கனிமம், கடினத்தை 1 முதல் 10 வரை அளவிடும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 3ஆம் இடத்தில் இருக்கிறது. கத்திக்குரிய உருக்கு ஏறத்தாழ 5.5 இலும் அதற்கு மேலும் நிற்கிறது. தன்னைவிட மெதுமையான கல் எதுவும் இரும்பைத் தேய்க்காது. சீமெந்துப் படியில் கத்தி ஓரளவு தீட்டுப்படுவது அதனுள் இருக்கும் மணலினால்; மணலின் குவாட்ஸ் அதே அளவுகோலில் 7. ஆனால் அந்த மணல் ஒரே பருமனாக இருப்பதில்லை. ஓரிடத்தில் ஆழமாகக் கீறும், ஓரிடத்தில் தொடாமலே விடும். தேங்காய் வெட்டும் பருத்த கத்திக்கு அவசரத்தில் அது உதவலாமேயொழிய, மீன் வெட்டும் மெல்லிய கத்தியை அதில் வைக்கவே கூடாது.

தீட்டுக்கற்கள் பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட்டினாலோ சிலிக்கன் காபைட்டினாலோ செய்யப்படுகின்றன; இவை இரண்டும் கடினத்தன்மையில் 9 அளவிலானவை. ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் கற்களில், ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் உள்ள இருபக்கக் கல்லையே வாங்குங்கள். கல்லின் இலக்கம் கூடக்கூட மணிகள் சிறிதாகும். 400க்கு உட்பட்டது முறிந்த, பல் விழுந்த கத்திகளுக்கு. 1000 அளவிலானது அன்றாடத் தீட்டலுக்கு. 3000க்கு மேற்பட்டது மெருகுக்கு. ஒரே கல்தான் வாங்க முடியும் என்றால் 1000 இலக்கம் உள்ளதையே நான் சொல்வேன். ஒரு கல்லுக்குத் தண்ணீர் பயன்படுத்தத் தொடங்கினால் கடைசிவரை தண்ணீரையே பயன்படுத்துங்கள். எண்ணெய் ஊறிய கல் பிறகு தண்ணீரை ஏற்காது.

தீட்டும் முறை

தண்ணீரில் ஊறும் வகைக் கல்லானால் குமிழி எழுவது நிற்கும்வரை, ஏறத்தாழ பத்து நிமிடம், அதை அமிழ்த்தி வையுங்கள். நனைத்து மடித்த துணியொன்றை மேசையில் விரித்து அதன் மேல் கல்லை வைத்தால் கல் அசையாது. கல் அசைந்தால் கோணம் அசையும், கோணம் அசைந்தால் செய்த வேலை முழுவதும் வீண். ஆகவே இந்தச் சிறிய ஆயத்தத்தைத் தவிர்க்க வேண்டாம்.

சமையலறைக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகைக் கோணம் பொருத்தமானது. கோணமானி தேவையில்லை. சதுரமான தாளொன்றின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 90 பாகை. ஓரங்கள் பொருந்த ஒரு முறை மடித்தால் 45, மீண்டும் மடித்தால் 22.5. அந்தக் கூம்பைக் கல்லின் மேல் வைத்து, கத்தியை அதற்குச் சற்றுத் தாழ்வாகப் பிடியுங்கள். வேறொரு கணக்கும் உண்டு: கத்தியின் அகலம் 4 சென்ரிமீற்றர் என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து 1 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும்போது 15 பாகையும், 1.4 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும்போது 20 பாகையும் கிடைக்கும். தேங்காய்க்கும் எலும்புக்கும் உரிய பருத்த கத்திக்கு 25 முதல் 30 பாகை வரை வைக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் விளிம்பு முறியும்.

வலக்கையால் பிடியைப் பற்றி, இடக்கை விரல்கள் இரண்டையோ மூன்றையோ கத்தியின் தட்டையான பகுதியில், விளிம்புக்கு அண்மையில் வையுங்கள். கத்தியை முன்னும் பின்னுமாக நகர்த்தும்போது, விளிம்பு பின்னே இழுபடும் வேளையில் மட்டும் அழுத்தம் கொடுத்து, எதிர்த்திசையில் செல்லும்போது தளர்த்தி விடுங்கள். அடிப்பிடியிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக நகர வேண்டும். பழகாதவர்களின் கத்தியில் நடுப்பகுதி மட்டும் கூராக இருப்பதும் நுனியும் அடியும் மழுங்கியே இருப்பதும் வழமை. நுனியை நெருங்கும்போது அதன் வளைவுக்கு ஏற்பப் பிடியைச் சிறிது உயர்த்தினால் இக்குறை வராது. கல்லின் மேல் தோன்றும் கருஞ்சேற்றைக் கழுவி விடாதீர்கள். தீட்டும் வேலையில் அதற்கும் பங்குண்டு.

எப்போது மறுபக்கம் திருப்புவது என்பதே இந்த வேலையின் மையமான கேள்வி. இத்தனை தரம் தேய்த்தால் போதும் என்று எண்ணிக்கை சொல்வது பிழை, ஏனெனில் கத்திக்குக் கத்தி மழுங்கலின் அளவு மாறும். ஒரு பக்கத்தைத் தேய்த்துப் போதிய இரும்பு நீங்கியதும், எதிர்ப்பக்க விளிம்பில் மிக மெல்லிய பிசிர் ஒன்று மடிந்து நிற்கும். பெருவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்குக் குறுக்காக, வெளியே தள்ளிப் பாருங்கள். ஏதோ தடக்குவது தெரியும். விளிம்பின் நீளப்போக்கில் விரலை ஓட்டவே கூடாது. அந்தத் தடக்கல் அடியிலிருந்து நுனிவரை இடைவெளியின்றித் தெரிந்தால்தான் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் தெரியாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் மேலும் தேய்க்க வேண்டும். பிசிர் வருமுன் திருப்பினால் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கத்தி கூராகாது. தீட்டிப் பார்த்துச் சரிவராமல் கைவிட்டவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருக்கிறார்கள்.

மறுபக்கத்திலும் பிசிர் எழுந்த பின், நைசான பக்கத்துக்கு மாறி, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் கத்தியின் சொந்த நிறை மட்டும் கல்லின் மேல் இருக்குமாறு, ஒரு தடவைக்கு ஒரு பக்கமாக மாறிமாறி இழுத்து அந்தப் பிசிரை நீக்குங்கள். பின்னர் பழைய தோல் இடுப்புப்பட்டியிலோ பலமடிப்புப் பத்திரிகைத் தாளிலோ விளிம்பு பின்னே வருமாறு சில தடவைகள் இழுத்தால் எஞ்சியதும் போய்விடும்.

தீட்டிய மரத்தில் கூர் பார்க்கக் கூடாது என்று எம்மவர் சொல்வார்கள். நன்றி மறந்தவரைக் குறிக்கவே அதைச் சொன்னாலும், தொழிலின் நேரடிப் பொருளிலும் அது சரியான அறிவுரை. கல்லில் வைத்துப் பார்த்துக் கூரை மதிப்பிட முடியாது. பத்திரிகைத் தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள், பின்பு தக்காளிப்பழத்தில் பாருங்கள். தாளை வெட்டும்போது ஓரிடத்தில் மட்டும் கிழிந்தால், கத்தியின் அந்த இடத்தில் பிசிரோ மழுங்கலோ எஞ்சியிருக்கிறது.

அரிவாளும் துருவலையும்

பலகையில் பொருத்திய அரிவாளில் அமர்ந்து மீனும் காயும் வெட்டும் வீடுகளுக்கு மேற்சொன்ன முறை அப்படியே பொருந்தாது. இங்கே கத்தி நிற்க, கல்லே நகர வேண்டும். கூர் அமர்ந்திருப்பவரைப் பார்த்து நிற்பதால் முன்னால் அமர்ந்து தீட்டுவது ஆபத்து. பலகையைப் பக்கவாட்டில் சரித்து, மடித்த சாக்கின் மேல் கிடத்தி, ஒருவர் அதை அழுத்திப் பிடிக்க மற்றவர் தீட்டுவது நல்லது. விளிம்பு உள்வளைவாக இருப்பதால் தட்டையான கல் அதன் நடுவைத் தொடாது. கல்லின் ஒடுங்கிய ஓரத்தைப் பயன்படுத்தலாம். அல்லது தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றில் 400 இலக்க எமரித்தாளைச் சுற்றி அதனால் தேய்க்கலாம். பிடித்திருக்கும் விரல்கள் கல்லின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தடித்த துணிக் கையுறை அணிவது அவசியம்.

தேங்காய்த் துருவலையின் பற்களுக்குச் சிறிய முக்கோண அரம் வேண்டும். ஒவ்வொரு பல்லிடையிலும் ஒரே அளவாக இரண்டு மூன்று தடவை முன்னோக்கித் தள்ளினால் போதும். பின்னோக்கி இழுத்தால் அரமே கெடும். கத்தரிக்கோலை வீட்டில் தொடாதீர்கள். இரு அலகுகளும் சந்திக்கும் உட்பரப்பு கெட்டால் அதைத் திருத்துவது கடினம்.

பெரிய கத்தி, கோடாலி, மண்வெட்டி ஆகியவை முறிந்தோ பெரிதும் தேய்ந்தோ போனால் கம்மாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இரும்பைக் காய்ச்சித் தட்டி விளிம்பை மெலிதாக்கி மீண்டும் தோய்ச்சல் வைப்பது, அதாவது சூடான இரும்பைத் தோய்த்துக் கடினமாக்குவது, கொல்லருக்கே உரிய அறிவு. கல்லினால் அதை ஈடுசெய்ய முடியாது. லொறியின் வில்லுத்தகட்டில் அடித்த கத்திகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. அந்த உருக்கில் ஏறத்தாழ 0.6 சதவீதம் காபன் இருப்பதால் நன்றாகத் தோய்ச்சல் ஏறும், கூரும் நிலைக்கும், ஆனால் துருப்பிடிக்கும். கடற்காற்று வீசும் குருநகரிலும் பாசையூரிலும் இரவு ஈரத்தோடு விட்ட கத்தி காலையில் செம்மை பூசியிருக்கும். கழுவியதும் துடைத்து, நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் மெல்லிதாக எண்ணெய் பூசி வையுங்கள். எவர்சில்வர்க் கத்தியில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருப்பதால் துருவுக்கு ஓரளவு தாங்கும். தீட்டுவதற்கு மட்டும் சற்றுக் கூடுதலான நேரம் எடுக்கும்.

மின்சாரச் சாணைச் சில்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சில்லில் தீப்பொறி பறக்கும்போது மெல்லிய விளிம்பு விரைவாகச் சூடேறுகிறது. உருக்கு ஏறத்தாழ 300 பாகை செல்சியசை அடையும்போது நீலம் பாயும். அவ்வாறு நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விடும், பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் கூரைத் தாங்காது. சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதானால், இடையிடையே தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். அவர்கள் மறுப்பதில்லை.

கூரைக் காப்பது

தீட்டுவதற்கு அரைமணி; காப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. பீங்கான் தட்டின் மேலும் எவர்சில்வர்த் தட்டத்தின் மேலும் வைத்து வெட்டாதீர்கள். வேப்பம்பலகையோ பலாப்பலகையோ போதும். வெட்டிய காயை வழித்தள்ளும்போது கத்தியின் முதுகுப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். பிலாக்காயின் பால் ஒட்டாமலிருக்க முன்னரே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஒட்டிய பாலைச் சுரண்டி எடுக்கும்போது விளிம்பு கெடுகிறது. கரண்டிகளோடு லாச்சியில் போடாமல், தடித்த மட்டையில் உறை செய்து தனியே வையுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை, தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகு பூசப்படாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில், அதே கோணத்தில், ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு தடவை மெதுவாகக் கத்தியை இழுங்கள். மடிந்த விளிம்பு நிமிரும். இதைத் தவறாது செய்பவர் கல்லை எடுப்பது இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும் வீடென்றால் மீனைக் கழுவ முன் கோப்பையைக் கவிழ்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் நடந்தேறும் ஒரு வேலையோடு பிணைத்த பழக்கம்தான் நிலைக்கிறது; நேரம் கிடைக்கும்போது செய்யலாம் என்று விட்டதற்கு நேரம் கிடைப்பதில்லை.

கையைப் பழக்குதல்

முதன்முதலாகத் தீட்டுபவருக்குக் கோணம் ஆடும். அதைக் காண எளிய வழியொன்று உண்டு. கத்தியின் விளிம்பு நெடுகிலும் மாக்கர் பேனையால் கறுப்புப் பூசி, கல்லில் இரண்டு மூன்று தடவை மட்டும் தேய்த்துப் பாருங்கள். விளிம்பிலேயே கறுப்பு அழிந்திருந்தால் கோணம் சரி. விளிம்புக்கு மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியைத் தாழப் பிடித்திருக்கிறீர்கள். அழுத்தத்தை அறிய, கல்லைச் சமையலறைத் தராசின் மேல் வைத்துத் தேயுங்கள். தொடக்கத்தில் ஒரு கிலோ அளவும், முடிவில் சில நூறு கிராமும் காட்டினால் போதுமானது. வேகம் தேவையில்லை. மெதுவாகச் செய்யும்போது சரியாக அமைந்த கோணத்தைத்தான் கை நினைவில் கொள்ளும். வேகமாகச் செய்யும்போது பிழையும் சேர்ந்தே பழகிவிடும்.

அளவெட்டியிலும் இணுவிலிலும் தவில் பயிலும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இதையேதான் செய்விக்கிறார்கள். ஒரு பாடத்தை முதற்காலம் என்ற மெதுவான வேகத்தில் தெளிவாக வாசிக்கும்வரை, அதன் இருமடங்கு வேகமான இரண்டாங்காலத்துக்குப் போக விடுவதில்லை. எத்தனை நாள் சாதகம் செய்தாய் என்பதைவிட ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறதா என்பதே கேட்கப்படுகிறது. எந்தத் திறனைத் தீட்ட விரும்பினாலும், அடுத்த படிக்குப் போகலாம் என்பதற்கு அடையாளமாக எதைக் கொள்வது என்று முதலில் தீர்மானியுங்கள். ஆங்கிலம் பழகுபவருக்கு, ஒரு பந்தியை எழுத்தைப் பாராமல் தன் சொற்களில் சொல்ல முடிவது அத்தகைய அடையாளம். தட்டச்சுப் பழகுபவருக்கு, விசைப்பலகையைப் பாராமல் ஒரு பக்கத்தைப் பிழையின்றி முடிப்பது. அடையாளம் இல்லாமல் மணிக்கணக்கை மட்டும் எண்ணுபவர், பிசிர் எழுமுன் கத்தியைத் திருப்பித் திருப்பித் தேய்ப்பவரின் நிலையிலேயே இருக்கிறார்.

முழுத்திறனையும் ஒரே நேரத்தில் தேய்க்கவும் வேண்டாம். கணக்கில் பலவீனமான மாணவருக்கு உண்மையில் தடக்குவது பின்னங்களில் மட்டுமாக இருக்கலாம். அந்த இடத்தைக் கண்டு அங்கே மட்டும் உழைத்தால் பல கிழமைகள் மிச்சமாகும். விடைத்தாள்களைத் திருப்பிப் பார்த்து, பிழைகள் எந்த வகைக் கேள்வியில் குவிகின்றன என்று குறித்தாலே அந்த இடம் தெரிந்துவிடும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் நான் காணும் பெருங்குறை, பயின்ற வினாத்தாள்களிலேயே தம்மைச் சோதித்துக்கொள்வதுதான். விடை மனத்தில் பதிந்த கேள்வியில் எவரும் புள்ளி பெறலாம். தீட்டிய மரத்திலேயே கூர் பார்க்கும் பிழை இதுவே. பாடத்தை முடித்ததும், இதுவரை காணாத வேறொரு வினாத்தாளை, நேரம் குறித்து, உதவியின்றிச் செய்து பார்க்க வேண்டும். கடிதம் எழுதப் பழகுபவர் கற்ற மாதிரியை மீண்டும் எழுதாமல், உண்மையான ஒரு விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்துக்கோ வங்கிக்கோ எழுதிப் பார்க்க வேண்டும்.

கற்ற திறனும் பயன்படுத்தாவிட்டால் மழுங்கும்; அதற்கு நெடிய பயிற்சி தேவையில்லை, கோப்பையடியில் கத்தியை இழுப்பது போன்ற சிறிய, தவறாத மீட்டல் போதும். தவிலில் நாளுக்கு ஒரு பாடம், மொழியில் நாளுக்கு ஒரு பந்தி, கணக்கில் நாளுக்கு இரண்டு கேள்வி என்று வைத்து, காலைத் தேநீருக்கு முன்போ இரவு விளக்கணைக்கும் முன்போ நடக்கும் ஒரு வேலையோடு அதைக் கட்டி விடுங்கள்.

ஒரே இடத்தில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருமானால், தனியே மேலும் தேய்ப்பதை நிறுத்தி, அறிந்தவரிடம் காட்டுங்கள். காட்டும்போது, எனக்கு இது வரவில்லை என்று பொதுவாகச் சொல்லாமல், செய்து காட்டுங்கள். கத்தியானால் அவர் முன்னால் பத்துத் தடவை தீட்டியும், பாடமானால் தடக்கும் அந்த வரியை மட்டும் வாசித்தும் காட்டினால், நீங்கள் காணாததை அவர் உடனே காண்பார். கொல்லரிடம் போகும்போது தீட்டிய கத்தியோடு நீங்கள் பயன்படுத்தும் கல்லையும் கொண்டு செல்லுங்கள். நடுவில் குழிவிழுந்த கல்லில் எவர் தீட்டினாலும் கோணம் நிலைக்காது. அப்படியானால் கண்ணாடித் துண்டொன்றின் மேல் எமரித்தாளை விரித்துத் தண்ணீர் தெளித்து, கல்லை அதன் மேல் வட்டமாகத் தேய்த்து மட்டமாக்கிய பின்பே அடுத்த கத்தியை எடுக்க வேண்டும்.